உலர்த்திய பெரணி மாதிரிகள் கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

டிசம்பர் பிறந்தால், செய்தித்தாளுக்கு நடுவே செடியை வைத்து அழுத்திக் காய வைக்கும் பிரஸ்கள் என் மேசை மேல் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழனி மலைக்குக் களப்பயணம் போன மாணவர்கள் பெல்ட் கட்டிய மரச்சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இது ஏன் இப்படி ஆச்சு?" என்று பிரித்துக் காட்டுவார்கள். பல வருடம் பார்த்துவிட்டேன். கோளாறு மொத்தமே ஏழெட்டுதான், கொண்டுவரும் ஆள்தான் மாறுகிறார். பூச்செடியை அழகாக உலர்த்தத் தெரிந்தவர்கள்கூடப் பெரணியில் சறுக்குகிறார்கள். பெரணியில் பூ கிடையாது, அடையாளம் எல்லாம் இலையின் அடிப்பக்கத்திலும் மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு அழகான இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வருவார்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஹீட்டர் வாங்கியவர்கள் உண்டு. அவர்களுடைய கோளாறு செய்தித்தாளில் இருந்தது.

## அறிகுறி 1: இலை கறுத்துவிட்டது

### தாளைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா?

இருக்கிறது என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், தாளை மாற்றுங்கள். பெரணி இலை மெல்லிசாகத் தெரிந்தாலும் முதல் நாளிலேயே நிறையத் தண்ணீர் விடும். முதல் மூன்று நாள் தினமும், மழைக்காலமாக இருந்தால் முதல் நாள் இரண்டு முறை, ஈரத்தாளை எடுத்துவிட்டு வெயிலில் காய்ந்த தாள் வைக்க வேண்டும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

என்ன தாள் என்பதையும் பாருங்கள். பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கும்போது வார இணைப்பின் மினுமினுப்பான வண்ணத்தாளும் கலந்து வரும். அது ஈரம் குடிக்காது. போன வருடம் ஒரு பெண் கொண்டுவந்த கட்டில் ஒன்று விட்டு ஒன்று இலை பச்சையாகவும் கறுப்பாகவும் இருந்தது. கறுப்பு இலைகள் எல்லாம் நகைக்கடை விளம்பரத்துக்குள் படுத்திருந்தன.

### தாள் சரி. இலை மட்டும் கறுப்பு

பறித்ததற்கும் பிரஸ்ஸில் வைத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது? காலையில் பறித்ததைப் பாலித்தீன் பையில் கட்டி, வேனின் பின்சீட்டில் போட்டு, மாலை அறைக்கு வந்து பிரித்தால் உள்ளே வெந்த கீரைதான் இருக்கும். பையில் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பையை நிழலில் வையுங்கள். முடிந்தால் பறித்த இடத்திலேயே ஒரு சின்னப் பிரஸ்ஸில் வைத்துவிடுவது நல்லது.

### காம்பின் பக்கம் மட்டும் கறுப்பு

தடிமன்தான் காரணம். ஆஞ்சியோப்டெரிஸ், மரப் பெரணி போன்றவற்றின் காம்பு விரல் தடிமன் இருக்கும். பிளேடால் நெடுக்குவாட்டில் பிளந்து ஒரு பாதியை மட்டும் வையுங்கள். பிளக்காமல் வைத்தால் அது காய்வதற்குள் பக்கத்தில் இருக்கும் இலையையும் கெடுத்துவிடும்.

### எல்லாம் செய்தும் காயவில்லை

இப்போதுதான் சூட்டைப் பற்றி யோசிக்கலாம். பிரஸ்ஸில் இரண்டு மூன்று மாதிரிக்கு ஒன்றாக அலையட்டை (பெட்டி செய்யும் நெளி அட்டை) வைத்து, அதன் குழாய்கள் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கி, அடியிலிருந்து இளஞ்சூடான காற்று மேலே ஏறும்படி செய்ய வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து பாகை செல்சியஸ் போதும். காற்று ஓடாமல் சூடு மட்டும் கொடுத்தால் இலை அவிந்துபோகும். குண்டு பல்பு வைத்த பெட்டி என்றால் ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். காய்ந்த செய்தித்தாளும் பல்பும் ராத்திரி தனியாக இருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த மலிவான வழி, பிரஸ்ஸை மலையிலிருந்து இறக்கிவிடுவது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நவம்பரில் துணியே காயாது. அங்கே நாலு நாளாக நமநமத்துக் கிடந்த கட்டை வத்தலக்குண்டில் ஒரு வீட்டு மாடியில் வைத்தோம், மறுநாள் மாலைக்குள் மொறமொறத்துவிட்டது. வெயில் கட்டின் மேல் படலாம், திறந்த இலையின் மேல் படக் கூடாது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். தொங்கினால் காயவில்லை, அட்டை மாதிரி நின்றால் காய்ந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் குளிரும்.

காயும்வரை கெடாமல் இருக்க ஸ்பிரிட் தெளித்துக் கட்டிய மாதிரிகள் பழுப்பாக வந்தால் அது கோளாறு இல்லை. அந்த முறையில் நிறம் போகத்தான் செய்யும். புதிதாக இருந்தபோது என்ன நிறம் என்பதைக் குறிப்பில் எழுதியிருந்தால் போதும்.

## அறிகுறி 2: வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

முதலில் இது பூஞ்சணம்தானா என்று பாருங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், ஏனென்றால் ஒரு நல்ல மாதிரி என் கண் முன்னால் போனது. ஒரு பையன் வந்து, "சார், அடிப்பக்கம் பூரா பூஞ்சணம் புடிச்சிருந்துச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன்" என்று பெருமையாகக் காட்டினான். அவன் துடைத்தது வெள்ளிப் பெரணியின் வெள்ளை மாவு. அந்த மாவுதான் அந்தச் செடியின் முக்கிய அடையாளம், அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மலைப்பக்கத்துப் பிள்ளைகள் அந்த இலையைப் புறங்கையில் வைத்துத் தட்டி வெள்ளை முத்திரை குத்தி விளையாடுவார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

### மாவா, பூஞ்சணமா, ஸ்போரா?

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாவு என்றால் இலையின் அடிப்பக்கம் மட்டும் சீராகப் பூசியது போல இருக்கும், மேல்பக்கம் சுத்தமாக இருக்கும். பூஞ்சணம் பஞ்சு இழை மாதிரி, திட்டுத் திட்டாக, இரண்டு பக்கமும், காம்பிலும் தாளிலும்கூட இருக்கும், முகர்ந்தால் நெடி வரும். தாளின் மேல் பழுப்பாகவோ மஞ்சளாகவோ தூள் கொட்டி, அது இலையின் வடிவத்திலேயே கோடு கட்டியிருந்தால் அது ஸ்போர், பெரணிக்கு விதை போல இருக்கும் வித்துத்தூள். உதறிவிடாதீர்கள். மடித்த காகித உறையில் போட்டு, மாதிரிக்குக் கொடுத்த அதே எண்ணை எழுதி, அதோடு வையுங்கள். இரண்டு இனம் கலந்து பிறந்த கலப்பினமா என்ற சந்தேகம் வந்தால் ஸ்போர் முழுசாக இருக்கிறதா, சுருங்கிக் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

### பூஞ்சணம்தான்

அந்த மாதிரியைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். மூக்கை மூடிக்கொண்டு, திறந்தவெளியில், மென்மையான பிரஷ்ஷால் உலர்வாகவே தட்டிவிட்டு மறுபடி காய வையுங்கள். மாவு இல்லாத இனம் என்று உறுதியானால் மட்டும் எழுபது சதவீத ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கலாம். ஸ்பிரிட் கடையில் சும்மா கிடைக்காது, கல்லூரிக்கு உரிமம் இருக்க வேண்டும். பழைய செய்தித்தாள் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். காய வைத்து மறுபடி பயன்படுத்தினால் பூஞ்சணமும் கூடவே வரும்.

அலமாரியில் ஏற்கெனவே ஒட்டி வைத்த தாள்களில் பூஞ்சணம் தெரிந்தால் கோளாறு மாதிரியில் இல்லை, அறையில் இருக்கிறது. சுவர் ஊறுகிறதா என்று பாருங்கள். அதற்குக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி 3: சுருண்டு முடிச்சாகிவிட்டது

மெல்லிழைப் பெரணி என்கிற ஹைமனோஃபில்லம் வகைகள் சோலைக்காட்டில் பாசியோடு பாசியாக ஒட்டியிருக்கும். இலை ஒரே ஒரு செல் தடிமன் என்பதால், பறித்துச் சில நிமிடங்களில் சுருளத் தொடங்கிவிடும். அந்த இடத்திலேயே பிரஸ்ஸில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரப் பாசியோடு சேர்த்து டப்பாவில் போட வேண்டும்.

பாறையில் வளரும் கீலாந்தெஸ் போன்றவை கோடையில் தாமாகவே சுருண்டு கிடக்கும். அவற்றை அப்படியே அழுத்தினால் நொறுங்கிவிடும். ஒரு ராத்திரி ஈரத்தாளில் சுற்றி வையுங்கள், விரிந்துகொள்ளும்.

ஏற்கெனவே சுருண்டு காய்ந்துவிட்டதா? தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு துளி விட்டு, இலையைப் போடுங்கள். இளகியதும் அடியில் தாளை நுழைத்து, தூரிகையால் விரித்து, தாளோடு தூக்கி மறுபடி பிரஸ்ஸில் வைக்கலாம். அசோலா, சால்வினியா மாதிரி மிதக்கும் பெரணிகளை முதல் தடவையே இப்படித்தான் தூக்க வேண்டும். இலையின் அடியில் சோரஸ், அதாவது ஸ்போர்ப் பைகளின் கொத்து, இருந்தால் ஊற வைப்பதற்கு முன்பே ஒரு துண்டை உலர்வாக எடுத்து உறையில் போட்டுவிடுங்கள்.

சுருளாமல் அலையலையாக மட்டும் இருந்தால் இரண்டாம் நாள் பெல்ட்டை இறுக்க மறந்திருப்பீர்கள். காயக் காயக் கட்டு மெலியும்.

## அறிகுறி 4: சிற்றிலைகள் உதிர்கின்றன

நெஃப்ரோலெப்பிஸ், அடியாண்டம் என்றால் அது இயல்பு. நெஃப்ரோலெப்பிஸில் சிற்றிலை சேரும் இடத்தில் மூட்டு இருக்கிறது, மெதுவாகக் காய்ந்தால் கழன்றுவிடும். வேகமாகக் காய வைத்தால் குறையும். உதிர்ந்ததை உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். "இது இங்கேதான் இருந்திருக்கும்" என்று ஊகித்துப் பசை வைத்து ஒட்டாதீர்கள்.

## அறிகுறி 5: "இதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது" என்று திரும்பி வந்துவிட்டது

மற்ற கோளாறை எல்லாம் எப்படியாவது ஒப்பேற்றலாம். இதற்குப் பெரும்பாலும் திரும்பவும் மலையேறத்தான் வேண்டும். அதனால் காட்டில் இருக்கும்போதே, செடியைப் பிரஸ்ஸில் வைப்பதற்கு முன் இந்தப் பகுதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

### இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

அடிப்பக்கம் வெறுமையாக இருந்தால் அது மலட்டு இலை. பக்கத்துச் செடியில் தேடுங்கள். சோரஸ் இருந்தாலும் பருவம் முக்கியம். வெளிர் பச்சையாக இருந்தால் ஸ்போர் முற்றவில்லை. கருகிப் பஞ்சாகப் பிதுங்கியிருந்தால் மேலே மூடியிருந்த இண்டூசியம் என்ற சவ்வு உதிர்ந்திருக்கும். அந்தச் சவ்வின் வடிவம்தான் பேரினத்தையே சொல்லும்: சிறுநீரகம் போல இருந்தால் டிரையோப்டெரிஸ் பக்கம், குடை போல நடுவில் பிடித்திருந்தால் பாலிஸ்டிக்கம், நீளக் கோடாக, சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டையாக இருந்தால் டிப்ளாசியம். சில சோரஸ் பழுத்தும் சில பச்சையாகவும் இருக்கும் இலையாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வயது வேறுபட்ட இரண்டு இலைகள் எடுங்கள்.

### இரண்டு வகை இலை உள்ள செடியா?

ஆஸ்முண்டா, போல்பிட்டிஸ், எலாஃபோகுளோசம் போன்றவற்றில் ஸ்போர் தாங்கும் இலை வேறு, சாதாரண இலை வேறு. இரண்டும் வேண்டும். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று சூப்புக்கு விற்கிறார்களே, அதுவும் பெரணிதான், டிரைனேரியா. அதன் நீளப் பச்சை இலையை மட்டும் பறித்து வருவார்கள். மரத்தோடு ஒட்டிச் சருகு மாதிரி நிற்கும் குட்டைப் பழுப்பு இலையைக் குப்பை என்று தட்டிவிடுவார்கள். அந்தச் சருகு இல்லாமல் மாதிரி பாதிதான்.

குளத்து ஆரைக்கீரை இன்னொரு கதை. நாலு இலை மட்டும் இருந்தால் ஆரை என்று சொல்லலாம், எந்த ஆரை என்று சொல்வது கஷ்டம். காம்படியில் மிளகளவு இருக்கும் ஸ்போர்க்காய் வேண்டும். தண்ணீர் நிறைந்த குளத்தில் அதைத் தேடிப் பயனில்லை, கரையோரம் வற்றிச் சேறு வெடிக்கும் சமயத்தில் போங்கள்.

### தண்டு இருக்கிறதா?

மட்டநிலத்தண்டை, அதாவது ரைசோமை, சிறு துண்டாவது எடுக்க வேண்டும். அது ஊர்ந்து போகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா, மேலே உள்ள செதில் என்ன நிறம், இலைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில்தான் தெரியும். மண்ணைத் தண்ணீரில் அலசுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். செதில் எல்லாம் போய்விடும். சுருண்ட இளந்தளிர் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செதில் கெடாமல் கிடைக்கும் இடம் அதுதான்.

ஒரே ஒரு செடிதான் இருக்கிறது என்றால் தண்டைத் தோண்டாதீர்கள். ஓர் இலையை அடியோடு வெட்டிக்கொண்டு, தண்டைப் படம் எடுத்து அளந்து எழுதிவிட்டு வாருங்கள்.

### காம்பை வெட்டிப் பார்த்தீர்களா?

காம்பின் அடியைப் புதிதாக இருக்கும்போதே பிளேடால் குறுக்கே வெட்டி, லென்ஸில் உள்ளே தெரியும் குழாய்க் கற்றைகளை எண்ணுங்கள். டிரையோப்டெரிஸில் நாலைந்துக்கு மேல் வட்டப் புள்ளிகளாகத் தெரியும். டிப்ளாசியத்தில் இரண்டு பட்டைகள்தான். பார்க்க ஒரு நிமிடம் ஆகும், காய்ந்த பிறகு இதே வேலைக்கு அரைநாள் போகும். எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் போடுங்கள்.

### செடி தாளை விடப் பெரியது

மாதிரியை ஒட்டும் ஹெர்பேரியம் (உலர்செடிக் காப்பகம்) தாள் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். இலை அதைவிட நீளம் என்றால் வாடுவதற்கு முன்பே குறுக்கு நெடுக்காக மடித்து வையுங்கள். நுனியை மட்டும் கிள்ளி வந்தால் எல்லா இனத்தின் நுனியும் ஒன்று போலத்தான் இருக்கும். மடிக்கும்போது ஒரு சிற்றிலையையாவது புரட்டிப் போடுங்கள். ஒட்டிய பிறகும் சோரஸ் தெரிய வேண்டும்.

மரப் பெரணிக்கு மூன்று துண்டு எடுக்க வேண்டும்: செதிலோடு காம்படி, இலையின் நடுப்பகுதி, நுனி. மூன்றிலும் ஒரே எண். மரத்தின் உயரம், சுற்றளவு, இலைகளின் எண்ணிக்கை, மொத்த இலையின் நீளம் ஆகியவை குறிப்பேட்டில். மரத்தை வெட்டக் கூடாது. சயாத்தியா என்ற மரப் பெரணி இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் ஹெர்பேரியப் பொறுப்பாளரிடம் பேசுங்கள்.

### எல்லாம் இருக்கிறது, ஆனாலும் பெயர் வரவில்லை

அப்படியானால் உங்கள் வேலை சரி, இனி நிபுணர் வேலை. கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வேயின் மெட்ராஸ் ஹெர்பேரியமும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போய், உங்கள் தாளை அங்குள்ள தாளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1860-களிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படம் போட்டு வெளியிட்டார், ஆனால் அவர் வைத்த பெயர்கள் பல இப்போது மாறிவிட்டன. பழைய படத்தைப் பார்த்துப் பழைய பெயரையே எழுதிவிடாதீர்கள்.

## அறிகுறி 6: வரைபடத்தில் வேறு ஊரில் விழுகிறது

கொடைக்கானலில் எடுத்த மாதிரி, கணினியில் ஏற்றியதும் குரங்கணி, டாப் ஸ்டேஷன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கருவி கெட்டுவிட்டது என்று மாணவர்களுக்குள் பெரிய விவாதம். லேபிளைப் பார்த்தேன். 10 பாகை 14 கலை வடக்கு, 77 பாகை 29 கலை கிழக்கு என்பதை 10.14, 77.29 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தார்கள். அறுபது கலை ஒரு பாகை. தசமத்தில் எழுதினால் 10.233, 77.483 என்று வர வேண்டும். அந்த ஒரு புள்ளிக்கு 23 கிலோமீட்டர் போய்விட்டது.

அது இல்லையென்றால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் போனில் கோளாறு. அடர்ந்த சோலைக்குள் போன் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டவெளிக்கு வந்து இரண்டு நிமிடம் நின்று மறுபடி எடுங்கள். எண் எப்படி இருந்தாலும் "இன்ன ஊரிலிருந்து இன்ன சாலையில் இத்தனை கிலோமீட்டர், ஓடையின் இடது கரை" என்று வார்த்தையிலும் எழுதுங்கள். மரத்தின் மேலா, பாறையிலா, மண்ணிலா என்பதும் வேண்டும், காய்ந்த செடி அதைச் சொல்லாது.

### எண் அழிந்துவிட்டது

ஜெல் பேனாவில் எழுதியிருப்பீர்கள். ஈரத்திலும் ஸ்பிரிட்டிலும் நிற்பது பென்சில்தான். தாளின் ஓரத்தில் எழுதினால் தாள் மாற்றும்போது எண் தாளோடு போய்விடும், சீட்டில் எழுதி நூலால் காம்பில் கட்டுங்கள். எண் இல்லாத மாதிரியை நினைவை வைத்து நிரப்பாதீர்கள். அதே நாள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உறுதியாகாவிட்டால் வகுப்பில் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 7: செக்போஸ்ட்டில் பையை இறக்கிவிட்டார்கள்

வனத்துறையின் அனுமதிக் கடிதம் அறையில் கிடக்கிறதா, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அனுமதி எந்தப் பகுதிக்கு என்று பாருங்கள். காப்புக்காட்டுக்கு வாங்கியது சரணாலயத்துக்குச் செல்லாது. கடிதமே வாங்கவில்லை என்றால் வாதாட வேண்டாம். பையைக் கொடுத்துவிட்டு வந்து, துறைத்தலைவர் வழியாக வனத்துறைக்கு முறையாக எழுதுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஜூனிலேயே தொடங்குங்கள்.

## அறிகுறி 8: தாளில் பொடியும் துளையும்

காய்ந்த மாதிரியின் கீழே மாவு போன்ற பொடி, தண்டில் குண்டூசித் துளை. சிகரெட் வண்டு அல்லது அதன் உறவுக்காரர். அந்துருண்டை போட்டிருக்கிறோமே என்பார்கள். வாசனைதான் வரும், உள்ளே இருக்கும் புழு சாகாது.

ஒரு தாளில் மட்டும் என்றால் அந்த ஃபோல்டரை முழுக்கப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, உறைபெட்டியில் மைனஸ் இருபது பாகையில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒருநாள் விடுங்கள், இல்லையென்றால் தாள் மேல் வியர்வை கட்டி, அறிகுறி 2-க்குப் போய்விடுவீர்கள்.

பல அலமாரிகளில் பொடி தெரிந்தால் உங்கள் கையில் இல்லை. பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து அறை முழுக்கப் புகையூட்ட வேண்டும். பல பத்தாண்டு பழைய தாள்களாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒன்று: அந்தக் காலத்தில் பூச்சிக்கு மெர்க்குரிக் குளோரைடு பூசுவது வழக்கம், அந்தப் பாதரசம் இன்றும் தாளில் இருக்கும். சாம்பல், கறுப்புக் கறைகள் தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பிரஷ் போட்டுத் தட்டாதீர்கள், உறைபெட்டியில் உணவோடு வைக்காதீர்கள். அலமாரியை மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, ஹெர்பேரியப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.